டிசைனர்களுக்கு வெளிநாட்டு வேலை வாங்கித் தர்ற பேக்கேஜ்: காசு கட்டி அனுபவிச்சவளோட ரிவ்யூ

போன வாரம் சித்தி பொண்ணு ஒரு விளம்பரத்தோட ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டு "அக்கா, இதுல சேரலாமா, நீ இதுல போய்தான வேலை வாங்குன"ன்னு கேட்டா. அதே கம்பெனி, அதே நீல பேனர், அதே ஏரோப்ளேன். ஆமா, அதுல காசு கட்டுனேன். ஆமா, இப்ப வெளிநாட்டுலதான் டிசைனரா வேலை பாக்கறேன். ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல "அதனால"ன்னு ஒரு வார்த்தை போட முடியாது, இத அவளுக்கு வாய்ஸ் நோட்டுல பதினாறு நிமிஷம் சொன்னேன், சொல்லி முடிச்சப்புறம்தான் தோணுச்சு எழுதியே வச்சுட்டா கேக்கறவங்களுக்கெல்லாம் இதையே அனுப்பிடலாமேன்னு.

கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். சொன்னாலும் பெருசா பிரயோஜனம் இல்ல, இதே பேக்கேஜ வேற வேற பேர்ல விக்கறாங்க, பேனர் கலர்தான் மாறும். ரேட்டிங் முதல்லயே குடுத்துடறேன்: அஞ்சுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் ஒரே ஒரு ஆளுக்காக குடுத்தது, அவங்க அந்த கம்பெனில வேலை பாக்கறவங்க கூட இல்ல.

என்ன வாங்குனேன்னு சொல்லிடறேன். நான் ஆறு வருஷம் கிராஃபிக் டிசைனர், பேக்கேஜிங், லோகோ, பண்டிகை வாழ்த்து போஸ்டர்னு ஓடிட்டு, கடைசி ரெண்டு வருஷமா ஆப் ஸ்க்ரீன் பண்ண ஆரம்பிச்சேன். படிப்பு ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட் டிப்ளமா. பேக்கேஜ் பேரு என்னமோ "க்ளோபல் கிரியேட்டிவ்"னு வரும், உள்ள ப்ரொஃபைல் எவால்யுவேஷன், டூல் ட்ரெய்னிங், சிவி, போர்ட்ஃபோலியோ (நாம செஞ்ச வேலைகளோட தொகுப்பு) ரிவ்யூ மூணு செஷன், "ஜாப் மார்க்கெட்டிங்"னு நமக்காக அவங்களே அப்ளை பண்றது, மாக் இன்டர்வியூ, விசா டாக்குமென்டேஷன். மூணு நாடு: கனடா, ஜெர்மனி, யூகே. எனக்கு அது மூணு மாச சம்பளம். ஒப்பந்தம் ஒன்பது மாசத்துக்கு.

ப்ரொஃபைல் எவால்யுவேஷன்னா ஒரு ஃபார்ம் நிரப்பணும், ரெண்டு நாள்ல ரிப்போர்ட் வரும். எனக்கு வந்துச்சு, மூணு நாட்டுக்கும் "ஹை சான்ஸ்", பச்சை டிக். ரொம்ப சந்தோஷம். அப்புறம் கூட வேலை பாத்த ஒருத்தி சும்மா விளையாட்டுக்கு வயசையும் மெயில் ஐடியையும் மட்டும் போட்டு மீதிய காலியா விட்டு அனுப்புனா. அவளுக்கும் ஹை சான்ஸ். அவளுக்கும் பச்சை டிக். அன்னிக்கே சுதாரிச்சிருக்கணும், ஆனா நான் அதுக்கு முந்தின நாள்தான் காசு கட்டியிருந்தேன், காசு கட்டினதுக்கப்புறம் கண்ணுக்கு தெரியறது கூட தெரியாத மாதிரி ஆயிடும் பாருங்க, அந்த நிலைமை.

டூல் ட்ரெய்னிங் பத்தி ரெண்டு வரி போதும். எல்லாம் ரெக்கார்ட் பண்ண வீடியோ. அதுல பாதி அடோபி எக்ஸ்டின்னு ஆப் ஸ்க்ரீன் வரையற சாஃப்ட்வேர் பத்தி, அத அடோபியே 2023லயே தனியா விக்கறத நிறுத்திடுச்சு. அதே வேலைக்கான இன்னொரு சாஃப்ட்வேர் ஃபிக்மா, அந்த வீடியோல வர்றவர் "அடோபியோட ஃபிக்மா"ன்னு அடிச்சு சொல்றார். அடோபி 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவ வாங்கப் போறதா அறிவிச்சது 2022 செப்டம்பர்ல, 2023 டிசம்பர்லயே அந்த டீல் கைவிடப்பட்டாச்சு. ஆக அந்த வீடியோ எப்ப எடுத்ததுன்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். நான் மூணாவது வீடியோவோட நிறுத்திட்டேன்.

இப்ப முக்கியமான கதைக்கு வர்றேன், ஏன்னா இதுலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. "டிசைனர்"ங்கற வார்த்தை நமக்கு ஒண்ணு, விசா ஆஃபீஸுக்கு பத்து. கனடாவுல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அஞ்சு இலக்க நம்பர் உண்டு, என்ஓசி கோடுன்னு சொல்வாங்க. கிராஃபிக் டிசைனரும் இல்லஸ்ட்ரேட்டரும் 52120. வெப் டிசைனர் 21233. இண்டஸ்ட்ரியல் டிசைனர் 22211. இன்டீரியர் டிசைனர் 52121. அந்த நம்பர்ல ரெண்டாவது இலக்கம்தான் அந்த வேலை எந்த லெவல்ங்கறத சொல்லும், அதாவது வெப் டிசைனர் ஒண்ணாவது லெவல், கிராஃபிக் டிசைனர் ரெண்டாவது லெவல். கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்கன்னா என்னைய கேக்காமலே 21233 போட்டுட்டாங்க, "அதுக்குதான் டிமாண்ட் மேம்"னு.

டிமாண்ட் இருக்கட்டும், நான் ஆறு வருஷத்துல நாலு வருஷம் செஞ்சது அட்டைப்பெட்டி டிசைன். கோடு எதுன்னு முடிவு பண்றது நம்ம விசிட்டிங் கார்டுல இருக்கற பேர் இல்ல, தினம் என்ன வேலை செஞ்சோம்ங்கறதுதான். பழைய ஆஃபீஸ்ல வாங்கற எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல என்னென்ன பொறுப்பு, வாரத்துக்கு எத்தன மணி நேரம், சம்பளம் எவ்வளவுன்னு எல்லாம் வரணும், அந்த பொறுப்பு பட்டியல் கோடுல சொல்லியிருக்கறதோட ஒத்துப் போகணும். என்னோட லெட்டர்ல "பாக்கெட் லேஅவுட், டை-லைன், பிரிண்டர்கிட்ட ப்ரூஃப் பாக்கறது"ன்னு இருக்கு, இதுல வெப் எங்க இருக்கு?

அத எடுத்து சொன்னா "லெட்டர மாத்தி வாங்கிடுங்க மேம், ஹெச்ஆர்ட்ட பேசுங்க, நாங்க ஃபார்மட் தர்றோம்"னாங்க. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. பொய்யான தகவல் குடுத்தது தெரிஞ்சா கனடாவுல அஞ்சு வருஷத்துக்கு உள்ளயே விட மாட்டாங்க. கையெழுத்து என்னோடது, தடையும் எனக்குதான் வரும், ஃபார்மட் குடுத்தவருக்கு ஒண்ணும் ஆகாது. அன்னிக்கே கனடாவ பட்டியல்ல இருந்து எடுக்க சொல்லிட்டேன். எடுத்துட்டாங்க, ரொம்ப மரியாதையா. காசு மட்டும் குறையல.

சிவி. இத நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. டிசைனருக்கு சிவி போட்டுக் குடுக்கறதுக்கு ஒரு டிசைன் தெரிஞ்ச ஆள் வேணும்ல? எனக்கு வந்தது ஒரு ரெண்டு காலம் டெம்ப்ளேட், இடது பக்கம் கரு நீலம், வட்டத்துக்குள்ள என் போட்டோ, கீழ "ஃபோட்டோஷாப் 90%, இல்லஸ்ட்ரேட்டர் 85%, டீம்வொர்க் 95%"னு பட்டை பட்டையா. டீம்வொர்க் 95 சதவீதம்னா மீதி அஞ்சு சதவீதம் என்ன, யாரையாச்சும் கடிச்சு வைப்பேனா? இந்த ஒரே சிவி மூணு நாட்டுக்கும் போச்சு. யூகே, கனடா மாதிரி இடத்துல சிவில போட்டோ வைக்கறது வழக்கமே இல்ல, பாரபட்சம் வந்துடும்னு போட்டோ இருந்தா சில ஹெச்ஆருக்கு சங்கடம். ஜெர்மனில போட்டோ வைக்கற பழக்கம் இருக்கு, ஆனா அங்கயும் 2006ல சம உரிமை சட்டம் வந்ததுல இருந்து கேட்டு வாங்கறது குறைஞ்சு போச்சு. இதெல்லாம் ரகசியம் இல்ல, கொஞ்சம் தேடுனா கிடைக்கற விஷயம், நான் அந்த கொஞ்சத்துக்குதான் காசு குடுத்தேன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அடுத்தது "ஜாப் மார்க்கெட்டிங்". பேக்கேஜ்ல பெரிய காசு இதுக்குதான் போகுது. என் பேர்ல ஒரு மெயில் ஐடி திறந்து, பாஸ்வேர்ட அவங்களே வச்சுக்கிட்டு, தினமும் அப்ளை பண்ணி ஒரு ஷீட்ல போட்டுக்கிட்டே வருவாங்க. முதல் மாசம் அந்த ஷீட்ட பாக்கறதே ஒரு போதை மாதிரி இருந்துச்சு, காலைல எந்திரிச்சா நாலஞ்சு வரி கூடியிருக்கும், ஆஹா நமக்காக உலகமே ஓடுதேன்னு. மூணாவது மாசம் 312 வரி. பதில் வந்தது ஒண்ணே ஒண்ணு, "தயவு செஞ்சு இனிமே அனுப்பாதீங்க"ன்னு, ஒரே கம்பெனிக்கு ஒரே வேலைக்கு மூணு தடவை அனுப்பியிருக்காங்க, அதுல ஒரு கவர் லெட்டர்ல "உங்கள் நகரத்தில் வாழ்வது என் சின்ன வயசு கனவு"ன்னு போட்டு வேற ஊர் பேர எழுதி வச்சிருக்காங்க.

சரின்னு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து வரி வரியா பாத்தேன். பைப்பிங் டிசைன் இன்ஜினியர். சிப் டிசைன். நகை டிசைன். ஸ்கூல் பாடத்திட்டம் போடற "இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர்". டிசைன்னு பேர்ல வந்தா போதும், தட்டி விட்டுருக்காங்க. எனக்கு ஏற்ற வேலையா இருந்தது பாதிக்கும் குறைவு, அதுலயும் இன்னொரு ஓட்டை இருந்துச்சு, அதுதான் எனக்கு கண்ண தொறந்துச்சு.

வெளிநாட்டுல இருந்து ஒருத்தர எடுக்கணும்னா எல்லா கம்பெனியாலயும் முடியாது. யூகேல அதுக்கு ஸ்பான்சர் லைசென்ஸ் வேணும். அந்த லைசென்ஸ் இருக்கற கம்பெனிகளோட முழு பட்டியல உள்துறை அலுவலகமே அரசாங்க சைட்ல போட்டு வச்சிருக்கு, யார் வேணா டவுன்லோட் பண்ணலாம், ஒரு பைசா கிடையாது. நெதர்லாந்துலயும் அப்படித்தான், ஐஎன்டின்னு அவங்க குடியேற்றத் துறை, அங்கீகாரம் வாங்குன கம்பெனிகளோட பேர பொதுவுல வச்சிருக்காங்க. நான் அந்த யூகே பட்டியல எடுத்து என் ஷீட்டோட ஒப்பிட்டு பாத்தேன். ஷீட்ல இருந்த முதல் நாப்பது யூகே கம்பெனில லைசென்ஸ் இருந்தது மூணு. மீதி முப்பத்தேழு பேர் என்னைய தேர்ந்தெடுத்தாலும் கூப்பிட வழியே இல்ல. இந்த ஒப்பிடறதுக்கு எனக்கு ஆனது ஒரு மணி நேரம், நடுவுல டீ வேற குடிச்சேன்.

இன்னொண்ணு, யூகேல ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு பொதுவான குறைஞ்சபட்ச சம்பளம் 2024 ஏப்ரல்ல 26,200 பவுண்ட்ல இருந்து 38,700க்கு ஏறிடுச்சு, 2025 ஜூலைல 41,700 ஆயிடுச்சு. ஷீட்ல இருந்த நிறைய "ஜூனியர் டிசைனர்" வேலைக்கு விளம்பரத்துலயே இருபத்தஞ்சு, இருபத்தெட்டாயிரம்னு போட்டிருந்தாங்க. எனக்காக அப்ளை பண்ண பையனுக்கு இது தெரியாம இல்ல, அவனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அப்ளிகேஷன்னு டார்கெட். அவன கேட்டேன், பாவம் உண்மைய சொல்லிட்டான்: "எண்ணிக்கைதான் மேம் கேப்பாங்க."

இப்ப அந்த ரெண்டு ஸ்டாருக்கு வர்றேன்.

போர்ட்ஃபோலியோ ரிவ்யூ. இதுக்கு கம்பெனி வெளிய இருந்து ஒரு சீனியர் டிசைனர ஒப்பந்தத்துல எடுத்திருந்தாங்க, அவங்களும் சொந்த நாட்ட விட்டு வேற நாட்டுல போய் செட்டில் ஆனவங்க, தமிழ் தெரியாது. முதல் செஷன்ல என்னோட இருபத்தி நாலு ப்ராஜெக்டையும் வரிசையா காட்டுனேன், பெருமையா. எல்லாத்தையும் பொறுமையா பாத்துட்டு "இதுல எந்த மூணுக்காக ராத்திரி தூக்கம் கெட்டுச்சு?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல பத்து நிமிஷம் ஆச்சு. மீதி இருபத்தி ஒண்ணும் போயிடுச்சு.

அப்புறம் என் கேஸ் ஸ்டடில (ஒரு ப்ராஜெக்ட எப்படி செஞ்சோம்னு சொல்ற பக்கம்) நான் வச்சிருந்த டபுள் டயமண்ட் படம். யூஎக்ஸ், அதாவது ஆப் உபயோகப்படுத்தறவங்களுக்கு சுலபமா இருக்கணும்னு திட்டம் போடற டிசைன், படிச்சவங்களுக்கு தெரியும், பிரிட்டன் டிசைன் கவுன்சில் பரப்புன படம், ரெண்டு டயமண்ட் பக்கத்துல பக்கத்துல, கண்டுபிடி, வரையறு, உருவாக்கு, கொடுன்னு. நானும் அழகா கலர் மாத்தி போட்டிருந்தேன், பக்கத்துல ஸ்டிக்கி நோட்டு ஒட்டுன சுவரு போட்டோ. "இந்த படம் எல்லார்கிட்டயும் இருக்கு, இது உன் வேலை இல்ல. நீ எங்க தப்பா போன, எத பாத்து திரும்பி வந்த, அத காட்டு"ன்னாங்க. தப்ப காட்டுனா வேலை குடுக்க மாட்டாங்களேன்னு நான் பயந்தேன். சரியா வந்தத யார் வேணா பண்ணியிருக்கலாம், டெம்ப்ளேட்டே பண்ணியிருக்கும், தப்பு மட்டும்தான் நீ பண்ணதுன்னு நிச்சயமா சொல்ல முடியும்னு சிரிச்சாங்க. அந்த வாரம் நான் மூணு கேஸ் ஸ்டடியையும் தலைகீழா மாத்தி எழுதுனேன், ஒவ்வொண்ணுலயும் தூக்கிப் போட்ட ஸ்க்ரீன முதல்ல வச்சு, ஏன் தூக்கிப் போட்டோம்னு ரெண்டே ரெண்டு வரி.

ரெண்டாவது செஷன் முழுக்க ஒரே ஒரு சாம்பல் கலர் பத்திதான். எனக்கு லேசான சாம்பல் எழுத்துன்னா உயிரு, வெள்ளை பேக்ரவுண்ட்ல மெல்லிசா, ஸ்டைலா இருக்கும். எழுத்துக்கும் பேக்ரவுண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளக்கற கான்ட்ராஸ்ட் செக்கர்ல அவங்க போட்டு காட்டுனாங்க, 2.8. சாதாரண அளவு எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், வெப்சைட்ட எல்லாராலயும் உபயோகப்படுத்த முடியணும்னு இருக்கற டபிள்யூசிஏஜி வழிகாட்டில ஏஏ லெவலுக்கு அதுதான் அளவு. ஐரோப்பாவுல வேலை தேடறவங்க இத வெறும் அழகு விஷயமா நினைக்க வேணாம், மாற்றுத்திறனாளிகளாலயும் உபயோகப்படுத்த முடியணும்ங்கற ஐரோப்பிய அணுகல் சட்டம் 2025 ஜூன் 28ல இருந்து அமலுக்கு வந்துடுச்சு, ஆன்லைன் கடை, பேங்க் ஆப் இதெல்லாம் அதுக்குள்ள வருது. "உன் போர்ட்ஃபோலியோ சைட்டே படிக்க முடியலன்னா, உள்ள அக்சஸிபிலிட்டி தெரியும்னு எழுதி என்ன பிரயோஜனம்?" சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா சரி. பழைய கிளையன்ட் வேலைய ரகசிய ஒப்பந்தம் இருந்தா எப்படி காட்டறது, பேர மறைச்சு, நம்பர மாத்தி, பாஸ்வேர்ட் போட்டு எப்படி வைக்கறதுன்னும் அன்னிக்குதான் சொல்லிக் குடுத்தாங்க. ரகசியம்னு தெரிஞ்சும் அப்படியே திறந்து வச்சிருக்கற ஆள எடுக்க கம்பெனிக்காரங்க யோசிப்பாங்களாம், நாளைக்கு நம்மளதும் இப்படித்தான ஊருக்கே காட்டுவான்னு.

மூணாவது செஷன்தான் எனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சுன்னு சொல்வேன். ஒரு ஆப்ப தமிழுக்கு மாத்துன ப்ராஜெக்ட் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. பேக்கேஜ்ல "ப்ரொஃபைல் மேனேஜர்"னு ஒருத்தர் உண்டு, அவர் முதல் மாசமே "மேம், ஃபாரின் கம்பெனிக்கு இது புரியாது, எடுத்துடுங்க, லோக்கலா தெரியும்"னு சொல்ல நானும் எடுத்துட்டேன். பேச்சுவாக்குல இத சொன்னப்ப அந்தம்மா நிமிர்ந்து உக்காந்துட்டாங்க. காட்டுன்னாங்க. இங்கிலீஷ்ல "கன்ஃபர்ம்"னு ஏழு எழுத்துல அடங்கற பட்டன் தமிழ்ல "உறுதிப்படுத்தவும்"னு ஆனதும் எப்படி வெடிச்சு வெளிய வந்துச்சு, ஒரு வரில மேல "தீ"யோட மேல் சுழியும் கீழ "கு"வோட வாலும் வர்றப்ப லைன் ஹைட் (ஒரு வரிக்கு விடற உயரம்) பத்தாம எப்படி வெட்டுப்பட்டுச்சு, கடைசில பட்டன் அகலத்த ஸ்க்ரீன் பூரா நீட்டி, வார்த்தைய "சரி"ன்னு சுருக்கணுமா வேணாமான்னு டெவலப்பரோட எவ்வளவு சண்டை போட்டேன்னு எல்லாம் சொன்னேன். ஒரு எழுத்து கூட அவங்களுக்கு படிக்க வராது, ஆனா எல்லாமே புரிஞ்சுச்சு. "ஜெர்மன்ல செட்டிங்ஸ்க்கு ஐன்ஸ்டெல்லுங்கன்னு சொல்வாங்க, அரபில எல்லாம் வலது பக்கத்துல இருந்து ஆரம்பிக்கும், இங்க எல்லா டீமும் தினம் இதோடதான் மல்லுக்கட்டுது. இத ஏன் எடுத்த?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் வரல. அன்னிக்கு ராத்திரியே முதல் ப்ராஜெக்டா அத வச்சேன்.

மூணே செஷன், ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். கூட ஒண்ணு வேணும்னு கேட்டேன், பேக்கேஜ்ல இல்லன்னுட்டாங்க. அவங்கள தனியா தொடர்பு கொள்ளக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல வேற இருக்கு.

மாக் இன்டர்வியூ அதுக்கு அப்படியே எதிர். ஒரு பிடிஎஃப் குடுத்து அறுபது கேள்விக்கு பதில் மனப்பாடம் பண்ண சொன்னாங்க, "உங்க பலவீனம் என்ன"ன்னா "நான் ரொம்ப பர்ஃபெக்ஷனிஸ்ட்"னு. நிஜ டிசைன் இன்டர்வியூ அப்படி நடக்கறதே இல்ல. முக்கால்வாசி நேரம் நம்ம போர்ட்ஃபோலியோவ நம்மளே திரையில காட்டி நாப்பது நிமிஷம் பேசணும், நடுவுல குறுக்க கேப்பாங்க, "இத ஏன் வலது பக்கம் வச்ச", "இன்னும் ரெண்டு வாரம் இருந்திருந்தா எத மாத்துவ". அப்புறம் வீட்டுக்கு குடுத்து விடற டாஸ்க். ஒரு இடத்துல மூணு நாள்ல முழு ஆப்ப ரீடிசைன் பண்ணி தர சொன்னாங்க, காசு கிடையாது, அவங்களோட நிஜ ஆப்பு. பேக்கேஜ்காரங்க "பண்ணிடுங்க மேம், வாய்ப்பு"ன்னாங்க. நான் நாலு மணி நேரத்துக்குள்ள முடியற அளவுக்கு ஒரே ஒரு ஸ்க்ரீன் பண்றேன்னு மெயில் போட்டேன், அவங்க அதுக்கப்புறம் பேசவே இல்ல. வருத்தம் எல்லாம் இல்ல.

விசா டெஸ்க்குன்னு ஒண்ணு. இங்க என்ன குத்தினது ஜெர்மனி விஷயம். 2024 ஜூன் 1ல இருந்து ஆப்பர்ச்சூனிட்டி கார்டுன்னு ஒண்ணு வந்திருக்கு, ஜெர்மன்ல ஷான்சன்கார்ட்டே. அத இவங்க "ஜாப் விசா"ன்னு விக்கறாங்க. அது வேலை இல்லீங்க, அங்க போய் ஒரு வருஷம் வரைக்கும் வேலை தேட அனுமதி, தேடற வரைக்கும் வாரத்துக்கு 20 மணி நேரம் பார்ட் டைம் பாத்துக்கலாம், அவ்வளவுதான், அந்த வருஷத்த ஓட்ட கைல காசு இருக்குன்னு முன்னாடியே காட்டணும். பாயின்ட் கணக்குல போறவங்களுக்கு 6 பாயின்ட் வேணும், மொழில ஜெர்மன் ஏ1 (ஆரம்ப நிலை) இல்லாட்டி இங்கிலீஷ் பி2 (நல்லா பேசற நிலை) இருக்கணும். இதெல்லாம் கூட சமாளிக்கலாம், ஆனா அடிப்படைல ஒரு டிகிரியோ குறைஞ்சது ரெண்டு வருஷ தொழில் படிப்போ இருக்கணும், அது நம்ம நாட்டு அரசு அங்கீகரிச்சதா இருக்கணும். என் டிப்ளமா அப்படி இல்ல. இத ஏழாவது மாசம் சொல்றாங்க! டிசைன் ஃபீல்டுல பாதி பேர் என்னைய மாதிரிதான், சின்ன இன்ஸ்டிட்யூட்ல படிச்சவங்க, தானா கத்துக்கிட்டவங்க. முதல் நாள் ஃபார்ம்ல "படிப்பு"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சே, அத யாராச்சும் படிச்சாங்களா? ஜெர்மனில எந்த காலேஜ், எந்த டிகிரி செல்லும்னு பாக்க அனபின்னு ஒரு டேட்டாபேஸ் சும்மாவே திறந்து கிடக்கு, அஞ்சு நிமிஷ வேலை.

அந்த நாள் நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கு. கனடா போச்சு, யூகேல குறைஞ்சபட்ச சம்பள அளவு ஏறிப் போச்சு, ஜெர்மனி டிப்ளமால முட்டி நிக்குது. மூணு பச்சை டிக்கும் போயாச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுல பேக்கேஜுக்கு பங்கு இல்ல. நெதர்லாந்து பட்டியல எடுத்தேன். அங்க கென்னிஸ்மிக்ரான்ட்னு ஒரு வழி இருக்கு, திறமையான வெளிநாட்டு ஊழியர்கள எடுக்கறதுக்கு. அதுல டிகிரி நிபந்தனை கிடையாது, சம்பளம் ஒரு அளவுக்கு மேல இருக்கணும்ங்கறதுதான் கணக்கு, அந்த அளவு வருஷா வருஷம் மாறும், முப்பது வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு கொஞ்சம் கம்மி. விண்ணப்பத்த கம்பெனியே போடும், ஆனா ஐஎன்டி அங்கீகரிச்ச கம்பெனியா இருக்கணும். அதாவது ஒரு நாட்டுல கதவ சாத்துன அதே டிப்ளமாவ இன்னொரு நாட்டுல யாரும் கேக்கவே இல்ல. என் பேக்கேஜ்ல அந்த நாடே இல்ல. நான் பட்டியல்ல இருந்து டிசைன் டீம் இருக்கற கம்பெனியா பாத்து பதினெட்டு இடம் பொறுக்கி, ஒவ்வொண்ணுக்கும் அவங்க ஆப்ப ஒரு வாரம் உபயோகப்படுத்தி பாத்துட்டு தனித்தனியா லெட்டர் எழுதுனேன். பதினெட்டுக்கு நாலு பேர் பேசுனாங்க. 312க்கு ஒண்ணு ஞாபகம் இருக்கா?

நாலுல ஒண்ணுல வேலை கிடைச்சுது. இன்டர்வியூல முதல் இருபது நிமிஷமும் "உறுதிப்படுத்தவும்" பட்டன் பத்திதான் பேச்சு, அவங்க ஆப் பல மொழில ஓடுது, அதே வலி. எனக்கு அப்ப அந்த ப்ரொஃபைல் மேனேஜர் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. எல்லாம் சொர்க்கம்னு சொல்லலைங்க, இந்த பெர்மிட் வேலையோட கட்டுனது, வேலை போச்சுன்னா அடுத்தது தேட பொதுவா மூணு மாசம்தான் டைம், அந்த மூணு மாசங்கற நினைப்பு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா தலைக்குள்ள வந்து உக்காந்துக்கும்.

அதனால சித்தி பொண்ணுக்கு சொன்னத இங்கயும் சொல்றேன், பேக்கேஜ் வேணாம், அந்த காசுல கால்வாசிய எடுத்து, நீ போக நினைக்கற நாட்டுல ஏற்கனவே டிசைனரா இருக்கற ஒருத்தர்கிட்ட மணிக்கு இவ்வளவுன்னு பேசி போர்ட்ஃபோலியோவ கிழிச்சு தொங்கவிட சொல்லு. சும்மாவே பாத்துக் குடுக்கறவங்களும் இருக்காங்க, வெக்கப்படாம கேட்டா. கோடு, சம்பள அளவு, ஸ்பான்சர் பட்டியல் இதெல்லாம் அந்தந்த நாட்டு அரசாங்க சைட்ல நீயே பாரு, நடுவுல ஆள் வேணாம். யாருக்காச்சும் ஃபார்ம் நிரப்பவே பிடிக்காது, வீட்டுல ரெண்டு குழந்தை, நேரமே இல்லன்னா, விசா பேப்பர் வேலைக்கு மட்டும் லைசென்ஸ் இருக்கற ஆள தனியா பிடிங்க, அதுல தப்பில்ல.

ரீஃபண்ட் கேட்டேனான்னு கேப்பீங்க. கேட்டேன். "சர்வீஸ் குடுத்தாச்சு மேம், 312 அப்ளிகேஷன் ப்ரூஃப் இருக்கு"ன்னாங்க. அதோட விடல, ஒப்பந்த காலத்துக்குள்ள வேலை கிடைச்சா, யார் மூலமா கிடைச்சாலும், "சக்ஸஸ் ஃபீஸ்" உண்டுன்னு பதினோராவது பக்கத்துல ஒரு வரிய காட்டுனாங்க, எட்டு பாயின்ட் எழுத்துல. எனக்கு ஆஃபர் வந்தது ஒப்பந்தம் முடிஞ்சு பன்னெண்டாவது நாள், அந்த ஒரு அதிர்ஷ்டத்துக்கு எந்த சாமிக்கு நன்றி சொல்றதுன்னு தெரியல. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த மாதிரி வரி இருக்கான்னு தேடுங்க, பெரும்பாலும் கடைசி ரெண்டு மூணு பக்கத்துல, "இதர விதிமுறைகள்"ங்கற தலைப்புக்கு கீழ ஒளிஞ்சிருக்கும்.

முந்தாநேத்து அவங்ககிட்ட இருந்து ஒரு மெசேஜ். "வாழ்த்துகள் மேம், உங்க வெற்றிக் கதைய எங்க பேஜ்ல போடறோம், ஒரு போட்டோவும் அஞ்சு ஸ்டாரும் வேணும்"னு. கூடவே போஸ்டர் டிசைன் சாம்பிள், என் பேர் போடற இடத்துல வெள்ளை பேக்ரவுண்ட்ல மஞ்சள் எழுத்து. பழக்க தோஷம், எடுத்து செக்கர்ல போட்டு பாத்தேன். 1.3.